கைக்கு வந்த எலி

"நீ வேலை பார்த்த மருந்துதானேடா இது? கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்து போடலாம்ல?" என்றாள் அக்கா.

அவசரப் பிரிவில் திரைக்கு அந்தப் பக்கம் அத்தான் படுத்திருந்தார். பக்கவாதம். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. நேற்றுவரை என்னை "எலி டாக்டர்" என்று கேலி செய்த வாய். மூளையில் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற ஒரு புது மருந்து, இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, அரை மணிக்குள் சம்மதம் சொல்லுங்கள் என்று டாக்டர் படிவத்தைக் கொடுத்துவிட்டு நின்றார்.

அந்த மருந்தை முதன்முதலில் எலிகளுக்குப் போட்டவன் நான். ஆய்வுக்கூட உதவியாளன். பக்கவாதம் வரவழைத்த நாற்பது எலிகள். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எடுத்து, மருந்தா வெறும் உப்புத்தண்ணீரா என்று பார்த்துப் போட வேண்டும். எனக்கா பொறுமை? கூண்டுக்குள் கையை விட்டேன். முதலில் அகப்பட்ட இருபதுக்கு உப்புத்தண்ணீர். ஓடி ஆட்டம் காட்டி, விரலையும் கடித்த இருபதுக்கு மருந்து. பாதிப்பு அதிகமுள்ளதுதான் சுலபமாகக் கைக்கு வரும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஓடியவை தேறின. மருந்துதான் தேற்றியது என்று எழுதினார்கள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். விஷயம் எனக்குப் பிடிபட்டபோது ஊசி மனிதர்கள்வரை போய்விட்டது. அது காக்குமா கெடுக்குமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"சொல்லுடா. நேரம் போகுது."

தொண்டைவரை வந்தது. சொன்னால் வேலை போகும், போகட்டும். அக்கா இனி என் முகத்தில் விழிப்பாளா?

"அக்கா, அந்தச் சோதனையில..."

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. போடு."

சீ, நானும் ஒரு மனிதன்.

அவள் போட்டாள். டாக்டர் படிவத்தை என் பக்கம் திருப்பினார். "சாட்சிக்கு நீங்க போடுங்க. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் சீட்டு எடுக்கும். எங்களுக்கே தெரியாது."

போட்டேன். சீட்டு எடுத்ததாக நாற்பது தடவை பதிவேட்டில் போட்ட அதே கையெழுத்து.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு மருந்தே விழணும். நீயும் வேண்டிக்கடா."

கண்ணை மூடினேன். உப்புத்தண்ணீர் விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.