முடிவைச் சொல்லிவிட்டுப் போ

"தாடையை என் தோள்ல வச்சுக்கோம்மா. அவ்ளோதான்."

அவள் அம்மாவின் முதுகுக்கடியில் ஒரு கையையும் முழங்காலுக்கடியில் ஒரு கையையும் கொடுத்துத் தூக்கினாள். அண்ணன் சட்டென்று ஈர விரிப்பை உருவிவிட்டுப் புதியதைப் போட்டான். அவள் பழகும் காட்சி மல்யுத்தக் கூடத்தில் ஆளைத் தூக்குவது வேறு விதம். அங்கே தூக்கப்படுகிறவள்தான் பாதி வேலையைச் செய்ய வேண்டும். சரியான நொடியில் எம்பிக் கொடுக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குத் தூக்குகிறவள் பெரிய பலசாலியாகத் தெரிவாள். நேற்று வரை அம்மாவும் அவள் கழுத்தைப் பற்றி லேசாக எம்பிக் கொடுத்தாள். இன்று எம்பவில்லை. எலும்பும் தோலுமாக இருந்த அம்மா கல்லாகக் கனத்தாள்.

காலையில் வந்த டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லியிருந்தார், இன்று, மிஞ்சிப்போனால் நாளை என்று. இன்று ஆறு மணிக்கு அவளுடைய முதல் ஆட்டம்.

எட்டு மாதப் பயிற்சி. முதல் மூன்று மாதமும் விழுவதைத் தவிர வேறொன்றும் சொல்லித் தரவில்லை. நெஞ்சில் தாடையை ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, இரண்டு கையாலும் தரையை ஓங்கி அறைந்து விழ வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை. இரவில் அம்மாதான் முதுகுக்கு ஒத்தடம் கொடுப்பாள். "ஊர்ல எவனாவது அடிச்சா போலீசுக்குப் போவாங்க. நீ ஃபீஸ் கட்டி அடி வாங்கிட்டு வர்றே" என்பாள். பிறகு மேடைக்குப் பலகை அடுக்கவும், கித்தானை இழுத்துக் கட்டவும், வந்திருக்கும் சீனியர் ஒவ்வொருவரிடமும் போய்க் கை கொடுக்கவும் கற்றுக்கொண்டாள். புதிதாக வருகிறவளுக்குத் தோற்பதுதான் முதல் வேலை என்பதையும் கற்றுக்கொண்டாள்.

அண்ணன் ஈர விரிப்பைச் சுருட்டினான். அவன் பஸ் ஓட்டுகிறவன். இரண்டு நாளாக லீவு.

"இன்னைக்கு நீ போகலேன்னா குடியா முழுகிடும்? மாஸ்டருக்கு போன் பண்ணு."

"நாலு மணிக்குள்ள சொன்னா போதும்ணா. வேற ஆளைப் போட்டுக்குவாரு."

"இப்பவே சொல்லேன். எப்படியும் எல்லாம் பேசி வச்ச நாடகம்தானே."

"அவ போவா" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "நீ போய் டீ போடு."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனான். அம்மா படுத்த படுக்கையானாலும் இந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அம்மா முப்பது வருடம் ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவள். கடைசி ஆள் உள்ளே போன பிறகு, கணக்கை ஒப்படைத்து, அவள் இருட்டுக்குள் நுழையும்போது படம் முடியும் கட்டத்தில் இருக்கும். எல்லாப் படத்துக்கும் முடிவைத்தான் முதலில் பார்ப்பாள். அதுவே பழகிப்போய், முடிவு தெரியாமல் எதையும் பார்க்க முடியாது என்றாகிவிட்டது. டிவியில் நாடகம் ஓடினால்கூடப் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் உட்காருவாள்.

"யாரு ஜெயிக்கிறா?" என்றாள் அம்மா.

இந்தக் கேள்வி ஒரு வாரமாகவே வந்துகொண்டிருந்தது. அவள் ஒரு வாரமாகவே மழுப்பிக்கொண்டிருந்தாள். முன்பே பேசி வைத்திருக்கும் முடிவு மேடைத் திரைக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. சேர்ந்த முதல் நாளே மாஸ்டர் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். கட்டிய புருஷனிடம் உளறிய ஒருத்தியை அன்றே மூட்டை கட்டச் சொன்னவர் அவர்.

"சொல்லக் கூடாதும்மா. ராத்திரி வந்து நானே சொல்றேன்."

அம்மா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"நான் யாருகிட்டடி போய்ச் சொல்லப்போறேன்?"

அவள் தலையணை உறையை நீவிவிட்டாள். நீவியதையே மறுபடி நீவினாள். மாஸ்டருக்குக் கொடுத்த சத்தியம் அவளுக்கு இப்போது பெரிதாகப் படவில்லை. இப்போதே சொல்லிவிட்டால், இரவு வந்து சொல்ல அம்மா இருக்க மாட்டாள் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் தயங்கினாள். அம்மாவோ அவசரமில்லாமல் காத்திருந்தாள். வாசலில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"தோக்கறேன்மா."

அம்மாவின் முகம் வாடும் என்று நினைத்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இருமலும் வந்தது. அவள் அம்மாவின் நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள்.

"நினைச்சேன். மொத ரீல்லயே ஜெயிச்சுட்டா அப்புறம் படம் எதுக்கு? யாருகிட்ட?"

"மலைன்னு ஒரு அக்கா. பன்னண்டு வருஷமா ஆடுறாங்க. என்னைத் தலைக்கு மேல தூக்கிப் போடுவாங்க."

"வலிக்குமா?"

"வலிக்கும். ஆனா நல்லா விழுந்தா அடிபடாது."

"எப்படித் தோப்பே? காட்டு."

"இங்கேயா?"

"பின்னே, நானா அங்க வரமுடியும்?"

அவள் மருந்து வைத்திருந்த முக்காலியை ஓரமாகத் தள்ளினாள். தொங்கிய அம்மாவின் புடவையோரம் இடறாமல் கட்டிலிலிருந்து இரண்டடி விலகி நின்றாள். தலைக்கு மேல் யாரோ தூக்கியதுபோல ஒரு கணம் எம்பி, பின்பக்கமாக விழுந்தாள். இரண்டு கையும் தரையில் படீரென்று அறைந்தன. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

"என்ன ஆச்சு?" என்று சமையலறையிலிருந்து அண்ணன் கத்தினான்.

"ஒண்ணுமில்லடா" என்றாள் அம்மா. "இவ தோத்துட்டா."

அவள் தரையில் கிடந்தபடியே சிரித்தாள். "இன்னும் இல்லம்மா. மலை அக்கா என் மேல அழுத்திப் படுத்துக்குவாங்க. நடுவர் தரையைத் தட்டி மூணு எண்ணணும். மூணு வரைக்கும் ரெண்டு தோளும் தரையில இருந்தாத்தான் தோல்வி. அதுக்குள்ள ஒரு தோளைத் தூக்கிட்டா ஆட்டம் முடியலேன்னு அர்த்தம்."

"நீ தூக்குவியா?"

"மாட்டேன். தோக்கறவ கண்ணைக் கூடத் திறக்கக் கூடாது."

"சரி, படு. நான் எண்ணுறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தரை குளிர்ந்திருந்தது. எட்டு மாதமாக அம்மாவிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் இப்போது சொல்லிவிட்டது போல மனசு லேசாகியிருந்தது. கட்டில் சட்டத்தில் உள்ளங்கை தட்டும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு."

நல்ல கணீரென்ற குரல். கூட்டத்தை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டும் பழைய குரல்.

"ரெண்டு."

இந்தத் தட்டு சற்று மெல்லக் கேட்டது.

அவள் காத்திருந்தாள். அம்மா வேண்டுமென்றே இழுக்கிறாள் என்று நினைத்தாள். தேர்ந்த நடுவர்கள் அப்படித்தான் கடைசி எண்ணுக்கு முன் கையைத் தூக்கி நிறுத்தி, கூட்டத்தைத் தவிக்க விடுவார்கள். காலமெல்லாம் அடுத்தவர் வைத்த முடிவையே பார்த்தவளுக்கு ஒரு முடிவு கையில் கிடைத்திருக்கிறது, இழுக்கட்டும். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சமையலறையில் பால் பொங்கி, அடுப்பு அணைந்தது. பிறகு அண்ணனின் காலடி வந்து அறை வாசலில் நின்றது.

டம்ளர்களை முக்காலியில் வைத்தான். கட்டிலருகே போனான். அம்மாவின் கையைச் சட்டத்திலிருந்து எடுத்து நெஞ்சின் மேல் வைக்கும்போது வளையல் உரசியது.

"குட்டி, எந்திரி."

"இருண்ணா. அம்மா இன்னும் மூணு சொல்லல."

"குட்டி."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. அண்ணன் அவளருகில் தரையில் உட்கார்ந்தான். அவள் இரண்டு தோளையும் தரையில் அழுத்தி வைத்திருந்தாள்.