வாண்டுவுக்கு ஒரு விசில்

சலூன்காரர் சவரக்கத்தியை விசில்காரரின் தொண்டையில் வைத்துக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பித்தார்.

"அண்ணே, சத்தியம் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை ஊதமாட்டீங்கல்ல?"

அவர் எச்சில்கூட விழுங்காமல் கண்ணாடியில் சலூன்காரரை முறைத்தார்.

"கத்திய எடுப்பா மொதல்ல. சத்தியம் பண்றதுக்காவது உயிரோட இருக்கணும்ல."

"சொல்லுங்க, எடுக்கறேன்."

"ஊதமாட்டேன். ஊதமாட்டேன். போதுமா?"

பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் மூச்சு விட்டார்கள். அவர்களில் முடிவெட்ட வந்தவர் ஒருத்தர்தான். மற்ற மூன்று பேரும் இந்தச் சத்தியத்துக்குச் சாட்சியாக வந்து உட்கார்ந்தவர்கள்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு இதே பாட்டுதான். மார்க்கெட்டில் வெங்காயம் நிறுத்தவள் பையை நீட்டும்போது, "ஊதிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். பஸ் கண்டக்டர் டிக்கெட்டோடு சேர்த்து அதையே சொன்னார். பல்லைப் பிடுங்கிய டாக்டரம்மாகூட, "நான் வேணா வாயில பெரிசா பஞ்சு வெச்சு அனுப்பவா?" என்று கேட்டாள். ஓர் ஊரே ஒரு மனிதரின் வாயைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அப்படி என்னய்யா உலகத்தில் இல்லாத விசில் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், அவர்களுக்கும் தெரிய வேண்டியதுதானே.

அது இரும்பாலை விசில். ஆலை ஓடிய காலத்தில் கிரேனுக்குக் கீழே நின்று சைகை கொடுப்பது அவருடைய வேலை. உலைகள் போடும் இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது. இரண்டு விரலை மடித்து நாக்கடியில் கொடுத்து ஊதுவார். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. தூக்கலாம் என்று அர்த்தம். மேலே கூண்டுக்குள் இருக்கும் கிரேன் ஓட்டுநர், கேட்டுவிட்டது என்பதற்கு அடையாளமாக வலது கையை வெளியே நீட்டி உயர்த்துவார். கை உயர்ந்தால்தான் பாரம் நகரும். கை உயராதவரை கீழே இருக்கும் ஒருவரும் இம்மியும் அசையக்கூடாது. ஆலையின் முதல் சட்டமே அதுதான்.

அந்தக் கிரேன் ஓட்டுநர் அவருக்கு உயிர் நண்பர். அவர் பெற்ற பிள்ளைதான் வாண்டு. வைத்த பேர் வேறு, ஊரில் ஒருத்தரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வருகிறேன் பேர்வழி என்று ஆலை வாசலில் வந்து நிற்பான். உள்ளேயிருந்து விசில் கேட்டால் இவனும் வெளியே நின்று கையைத் தூக்குவான். வாட்ச்மேன் சிரியோ சிரி என்று சிரிப்பார்.

அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது வாண்டு இடுப்பு உயரம்கூட இல்லை. அதன்பிறகு அவனைக் கால்பந்துப் பயிற்சிக்குக் கூட்டிப் போனது, மழையில் குடையோடு காத்து நின்றது, கிழிந்த பூட்ஸைத் தைக்கக் கொடுத்து வாங்கியது எல்லாம் விசில்காரர்தான். "சித்தப்பா, சித்தப்பா" என்று அவர் காலையே சுற்றி வருவான்.

ஊர் அணிக்கு அவன் ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஒரு பெனால்டி கிடைத்தது. மூத்த ஆட்டக்காரர்கள் எல்லாரும் எனக்கு முழங்கால் வலி, உனக்கு முதுகு வலி என்று நழுவிவிட, பந்து மீசை முளைக்காத இந்தப் பயலிடம் வந்து சேர்ந்தது. அவன் கால் உதறுவது கேலரியிலிருந்தே தெரிந்தது. விசில்காரரின் விரல் தானாக வாய்க்குப் போயிற்று. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. வாண்டு வெடுக்கென்று திரும்பிப் பார்த்தான். அப்பனை உரித்து வைத்தாற்போல வலது கையை உயர்த்தினான். அப்புறம் ஓடி வந்து அடித்தான் பாருங்கள் ஓர் அடி, கோல்கீப்பர் நின்ற இடத்திலேயே நின்றார்.

அன்று பிடித்த வழக்கம். விசில், கை, கோல். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஆலையை மூடியபோது ஊர் உட்கார்ந்துவிட்டது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். கடைவீதியில் ஒன்றுவிட்டு ஒரு கடை பூட்டு. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் ஆம்பிளையும் பொம்பளையும் நிமிர்ந்து நடந்தார்கள், ஏனென்றால் வாண்டு இருந்தான். பெரிய ஊர்க்காரர்கள் எல்லாம் இங்கே வந்து தோற்றுவிட்டுப் போனார்கள். கொடி தைத்தவள், வறுகடலை விற்றவர், சைக்கிள் நிறுத்த இடம் விட்டவர் என்று எத்தனை அடுப்பு அவன் காலால் எரிந்தது!

அவன் போகிற செய்தி சலூன் டிவியில்தான் வந்தது. வேறு ஊர் அணியின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாண்டு சிரிக்கிறான். பக்கத்தில் கோட்டுப் போட்டவர்கள் கை தட்டுகிறார்கள். சலூன்காரரின் கத்தரி பாதி முடியில் நின்றது.

"அண்ணே... உங்ககிட்டயாவது சொன்னானா?"

"சொன்னானே. போன வாரமே போன் பண்ணிட்டான்" என்றார் விசில்காரர்.

பச்சைப் பொய். சொல்லாமல் கொள்ளாமல்தான் போயிருந்தான். அன்று முழுக்க அவர் போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். குளிக்கப் போகும்போது மனைவியின் கையில் கொடுத்து, அடித்தால் கூப்பிடு என்றார். அது அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அணி தோற்கத் தொடங்கியது. தோற்றால் யார் வருவார்கள்? மைதானத்துக்கு விட்ட தனி பஸ்ஸை நிறுத்தினார்கள். கொடி தைத்தவள் மிஷினை மூடிவிட்டு வேறு ஊரில் வீட்டு வேலைக்குப் போனாள். வறுகடலைக்காரர் வெறும் கேலரியில் ஈ ஓட்டினார். ரயில்வே பாலத்துச் சுவரில் வரைந்திருந்த வாண்டு முகத்தில் எவனோ தாரைக் கொட்டினான். மறுநாள் எவரோ மண்ணெண்ணெய் ஊற்றித் துடைக்கப் போய் முகம் இன்னும் அலங்கோலமாயிற்று. அன்று சாயங்காலம் விசில்காரர் சட்டையில் மண்ணெண்ணெய் வாடை. அவர் மனைவி ஒன்றும் கேட்காமல் அதைத் தனியாக ஊற வைத்தாள்.

இப்போது லீக்கின் கடைசி ஆட்டம். வந்து வாய்த்தது பாருங்கள், எதிரணி வாண்டுவின் புது அணி! தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். இறங்கினால் கிளப்புக்கே பூட்டு, மைதானத்தைக் கிடங்கு கட்டக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார். சமன் செய்தால்கூடப் போதும், பிழைத்துக்கொள்ளலாம்.

வாண்டு எப்போதோ ஒரு பேட்டியில், கூச்சலென்றால் எனக்குக் கொண்டாட்டம், அமைதியைக் கண்டால்தான் உதறல் என்று உளறி வைத்திருந்தான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அவன் பெனால்டி அடிக்க வந்தால் கேலரியில் ஒரு குழந்தைகூட இருமக்கூடாது என்று முடிவாயிற்று. விசில் பற்றிக் கேட்கவா வேண்டும்!

ஞாயிறு மதியம் அவர் செருப்பை மாட்டும்போது மனைவி கதவருகே வந்து நின்றாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் போர்வை தேய்த்த கை, சும்மா நிற்கும்போதும் புடவையை நீவிக்கொண்டே இருக்கும்.

"ஊதுவீங்களா?"

"அதான் ஊருக்கே சத்தியம் பண்ணிட்டேனே."

"ஊருக்குப் பண்ணினது இருக்கட்டும். எனக்குச் சொல்லுங்க."

அவர் செருப்பையே பார்த்தார்.

"பொழைக்கப் போறது தப்புன்னு நான் சொல்லலைங்க. நம்ம பொண்ணு போகலையா? ஆனா அவ என் கழுத்தக் கட்டிட்டு அழுதுட்டுப் போனா. ஞாயித்துக்கிழமையானா போன் வந்துடுது. இவனுக்கு என்ன?"

"ஆயிரம் வேலை இருக்கும் பிள்ளைக்கு."

"ஆமா, பாவம். பட்டனத் தட்டி விரலே தேஞ்சு போச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது போய்விட்டது.

"ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாப் போதும். கையத் தூக்கினாப் போதும். அதுக்கப்புறம் எந்த ஊருக்கு வேணா ஆடட்டும், நான் கேக்கவே மாட்டேன்."

"ஊதாம எப்படிப் பார்ப்பான்?"

"பார்ப்பான். ஏன் சித்தப்பா ஊதலன்னு பார்ப்பான். நீ வேணா பாரேன்."

அவள் தானும் செருப்பை மாட்டிக்கொண்டாள். தனியாக அனுப்ப அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊர் அணிப் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். இரண்டு அணியும் ஒவ்வொரு கோல் போட்டுச் சமனில் நின்றது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். சலூன்காரர் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஊர் அணித் தடுப்பாட்டக்காரன் பதற்றத்தில் காலை நீட்டித் தொலைத்தான். பெனால்டி.

வாண்டு பந்தைக் கையில் எடுத்தான். அதுவும் இந்தப் பக்கக் கோல்தான், பழைய ஆலைக்காரர்கள் உட்காரும் பக்கவாட்டுக் கேலரிக்குச் சற்று முன்னால். அங்கிருந்து பார்த்தால் அவன் முதுகுதான் தெரியும்.

ஒருவரும் சொல்லாமலே ஊர் அடங்கியது. எப்பேர்ப்பட்ட அமைதி! கொடிக்கம்பத்தில் கயிறு தட்டுவது கேட்டது. வாண்டு பந்தை வைத்து அதை ஒரு சுற்றுத் திருப்பியபோது புல் உரசியதுகூடக் கேட்டது போலிருந்தது. வலது பூட்ஸ் நுனியை இடது காலுறையில் தேய்த்தான். சின்ன வயசிலிருந்து உள்ள பழக்கம், சித்தி எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். பின்னால் நகர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

இப்போது பார்ப்பான் என்று விசில்காரர் நினைத்தார்.

நடுவர் யாரையோ கோட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். வாண்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"காத்துட்டிருக்கான்" என்று அவர் மனைவியின் காதில் கிசுகிசுத்தார்.

"நடுவருக்காகங்க. வேண்டாம். என்னைப் பாருங்க."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவருக்கு அந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. அப்பன் முதுகு. புதுச் சட்டைக்குள்ளும் அதே முதுகு. பார்றா, பார்றா வாண்டு. ஒருவேளை அவனும் அதையேதான் நினைக்கிறானோ? சித்தப்பா கோபத்தில் இருக்கிறார், இனி ஊதமாட்டார் என்று பிள்ளை உள்ளுக்குள் தவிக்கிறானோ?

நடுவர் கையசைத்தார். அவ்வளவுதான். விசில்காரர் மணிக்கட்டை உதறிக்கொண்டு விரலை வாயில் வைத்தார்.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

அந்த அமைதியில் அது மைதானத்தின் மறுகோடி வரை போய்த் திரும்பியது. கோட்டோரம் கொடி பிடித்தவர் திரும்பிப் பார்த்தார். வாண்டுவின் புது அணிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பந்து எடுத்துப் போடுகிறவர்கள், போலீஸ்காரர், இந்த ஊர் சனம் அத்தனையும் திரும்பிப் பார்த்தது.

வாண்டு திரும்பவில்லை. இடுப்பில் இருந்த கை இடுப்பிலேயே இருந்தது.

அப்புறம் ஓடி வந்தான், அடித்தான். கோல்கீப்பர் சரியான பக்கம்தான் பாய்ந்தார், எட்டவில்லை. வாண்டு எதிர்ப்பக்கம் ஓடி, தன் ஆட்களின் கைகளுக்குள் போய் விழுந்தான். கேலரியில் ஒருவர் எழுந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்து, திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டம் முடிந்து சனம் இறங்கியது. ஊரையே காட்டிக்கொடுத்த மனிதர் நடுவில் நிற்கிறார், ஒருத்தராவது சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். வெங்காயக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள். கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். சலூன்காரர் மட்டும் நேரே வந்தார். திட்டத்தான் வந்தார், முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் வந்ததும் அந்த முகம் உடைந்துவிட்டது.

"அண்ணே... அவன் பார்க்கவே இல்லையே அண்ணே."

விசில்காரர் தலையாட்டினார். சலூன்காரர் அவர் தோளில் கையை வைத்துவிட்டு, அதற்கு மேல் நிற்க முடியாமல் போய்விட்டார்.

இருவரும் பூட்டிய ஆலை வாசலைத் தாண்டி நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். வந்ததும் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு விரலையும் தொடையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் கீழே உட்கார்ந்தாள்.

"அவனுக்குக் கேட்டிருக்காதுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"எப்படிக் கேக்கும்? ஊரே தொண்டை கிழியக் கத்திச்சு. அந்தக் கூச்சல்ல யாருக்கு என்ன கேக்கும்? கேட்டிருந்தா கையத் தூக்காம இருப்பானா நம்ம பிள்ளை?"

சொல்லும்போது அவள் கை புடவை மடிப்பை நீவிக்கொண்டே இருந்தது. அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண் நிரம்பி வழிந்தது, துடைக்கவில்லை.

"ஆமாமா" என்றார். "என்னா கூச்சல். எனக்கே கேக்கல."