மந்தமான ஆம்ப்ளிஃபயர்

என் வீட்டுக்காரர் அந்த ஆம்ப்ளிஃபயரை மூன்று முறை கட்டினார். முதல் முறை அவர் ஆசைக்கு. மற்ற இரண்டு முறை என் வாயால் வந்த வினை.

குடிநீர் அலுவலகத்தில் போனில் புகார் கேட்கிற வேலை எனக்கு. காதில் ஹெட்போன், எதிரே கம்ப்யூட்டர், நாள் முழுக்கத் தண்ணீர் வராதவர்களின் குரல். வேலைக்குச் சேர்ந்த வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: எதிராளி என்ன சொன்னாலும் முதல் வார்த்தை ‘ஆமா’. ஆமாங்க, கஷ்டம்தாங்க, பார்க்கிறோங்க. பதினோரு வருடம் இதையே சொன்னால் அது நாக்கில் பாய் போட்டுப் படுத்துவிடுகிறது. மூளைக்குச் சேதி போவதற்குள் வாய் வேலையை முடித்துவிடும். சாயங்காலம் வீடு வந்து சேரும்போது என்னிடம் மிச்சமிருப்பது வீங்கின இரண்டு கால்களும் அந்த ஆமாவும்தான்.

அவர் வேலை வேறு மாதிரி. மோட்டார் கம்பெனியில் கடைசிப் பரிசோதனை. ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே பேரிங் சுத்தமாக ஓடுகிறதா, மெல்லிசாகக் கீச்சிடுகிறதா என்று அப்படியே சொல்லிவிடுவார். அவர் சரி என்றால்தான் மோட்டார் பெட்டிக்குள் போகும். இல்லை என்றால் முதலாளியே வந்து நின்றாலும் இல்லைதான். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே ‘காது’. “காதுகிட்ட காட்டிட்டீங்களா?” என்று கேட்பார்களாம். அதைச் சொல்லும்போது இவருக்கு முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பத்து மூன்று வயதில் பாட்டு கேட்கிற ஆசை வந்தது. கடையில் விற்கிற பெட்டி ஒன்றும் பிடிக்கவில்லை.

“எல்லாம் போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு” என்றார். நாமே கட்டிக்கொள்கிற கிட் ஒன்றை வரவழைத்தார். ஒரு பச்சை போர்டு, பொட்டலம் பொட்டலமாக ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும், அம்மிக்குழவி கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், வால்யூம், அடிச்சத்தத்துக்கு பாஸ், கீச்சென்ற மேல் சத்தத்துக்கு ட்ரெபிள் என்று மூன்று திருகுகள். சாப்பாட்டு மேஜை பறிபோனது. தட்டை மடியில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தோம்.

குறை சொல்லக் கூடாது, மனிதர் சுத்தமாக வேலை செய்வார். ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்து, தாளில் டிக் போட்டு, பிறகுதான் போர்டில் செருகுவார். ஈயம் வைத்து ஒட்டியதும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் குழந்தைக்கு நகம் வெட்டுகிற கவனத்தோடு நறுக்குவார். துண்டுகள் மட்டும் பறந்து வந்து என் பாதத்தில் குத்தும். திரைச்சீலை, தலையணை, என் தலைமுடி எல்லாவற்றிலும் ஈயப்புகை வாடை.

முதல் தடவை அது பாடியது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்குப் பெரிய குழாய் ஒன்று உடைந்து பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. அத்தனை பேரும் என்னிடம்தான் கத்தினார்கள். நான் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தேன். அவர் பாட்டைப் போட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“மேல் சத்தமே வரலையே. மந்தமா இல்ல?”

“ஆமா.”

“ட்ரெபிள் சுத்தமா இல்ல, இல்ல?”

“ஆமாங்க” என்றேன். ‘பார்க்கிறோங்க’ என்று சேர்க்காமல் விட்டதே பெரிய விஷயம். அந்த நேரம் என்ன பாட்டு ஓடியது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தார். ஒட்டியதை எல்லாம் சூடு காட்டி உறிஞ்சி எடுத்து, மறுபடி அளந்து, மறுபடி ஒட்டினார். பதினைந்து நாள் போனது. மறுபடியும் மந்தம் என்றார். மறுபடியும் ஆமா என்றேன். கிட் விற்றவர்களுக்குப் போன் போட்டார். அங்கே ஒரு பெண் “ஆமா சார், பார்க்கிறோம் சார்” என்று சொல்லி ஒரு பொட்டலம் புதுக் கெப்பாசிட்டர் அனுப்பிவைத்தாள். என் இனம்தான், வேறென்ன சொல்வாள்.

இவர் அதோடு விடவில்லை. கிட்டோடு வந்த படத்தில் போட்டிருந்த அளவை மாற்றி, மேல் சத்தம் இன்னும் தூக்கலாக வரும்படி தானே கணக்குப் போட்டு மூன்றாவது தடவை கட்டினார். முடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் நன்றாகத் தூங்கி எழுந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ட்ரெபிள் திருகைக் கடைசிவரை முடுக்கிவிட்டுப் பாட்டைப் போட்டார்.

டீ சிந்திவிட்டது. பாடுகிறவளின் ஒவ்வொரு மூச்சும் சீறியது. தாளத் தட்டுகள் தகரத்தைச் சீவுகிற மாதிரி காதைக் கிழித்தன. கீழ்வீட்டம்மா படியேறி வந்து கதவைத் தட்டினார்.

“என்னம்மா இது, காதுல ஊசி எறங்குது!”

அவர் உள்ளே நின்று, திருகைப் பிடித்தபடி, முகம் சுருங்கிச் சொன்னார். “இப்பவும் போதலையே.”

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. காலையில் அலாரம் கீங் கீங் என்று கூவும், இவர் அசையமாட்டார். உழைத்த அசதி என்று நினைத்து நான்தான் நிறுத்துவேன். “இப்பல்லாம் யாருமே வாயத் தொறந்து பேச மாட்டேங்கறாங்க” என்று டிவிக்காரர்களைத் திட்டுவார். கடைப் பெட்டிகள் எல்லாம் போர்வைக்குள் பாடியதும் அதனால்தான். போர்வை இவர் காதுக்குள் இருந்தது. முப்பது வருடம் மோட்டார் இரைச்சலில் நின்ற காதில் மெல்லிசான மேல் சத்தம் மட்டும் போய்விட்டிருந்தது. மோட்டாரில் அவர் கேட்க வேண்டியதும் அந்தச் சத்தத்தைத்தான்.

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். அந்தக் காதுதான் அவர் வேலை. அதைப் போய்ச் செத்துவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? இன்றைக்குக் களைப்பாக இருக்கிறது, நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். களைப்பு ஒரு நல்ல சாக்கு, எப்போதும் கைவசம் இருக்கும்.

அதற்கு அடுத்து வந்த சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்தார்.

“வாங்கினவங்க போன மாசம் மாதிரியே இன்னும் ஆறு மோட்டாரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. கீச்சுங்குதாம். நான் கேட்டு அனுப்பின மோட்டார், கீச்சுங்குமா? லாரியில ஏத்துறவர்தான் பெட்டியப் போட்டு ஒடச்சிருக்கணும்னு சொல்லிட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“போடவே இல்லன்னு அழுறாரு. பாவம், நல்ல மனுஷன்தான். திங்கட்கிழமை வேலைய விட்டு அனுப்பிடப் போறாங்க.”

கை கழுவிக்கொண்டு வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தார். சால்டரிங் அயர்னின் பிளக்கைச் செருகினார். நாலாவது தடவைக்குத் தயார்.

“ஏங்க, அத ஆஃப் பண்ணுங்க” என்றேன்.

“ஏன்?”

“கிட்டுல ஒரு கொறையும் இல்ல. மொதல் நாள்லேருந்தே இல்ல.”

“நீதானே ஆமான்னே?”

“நான் கேக்கவே இல்லங்க. அன்னிக்கு நீங்க ‘வீடு தீப்பிடிச்சிருக்கு, இல்ல?’ன்னு கேட்டிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பொட்டி கீச்சுக் கீச்சுன்னு கத்துது. கீழ்வீட்டம்மாவுக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்கல.” அப்புறம் மிச்சத்தையும் சொன்னேன். “அந்த ஆறு மோட்டாரும் கத்திக்கிட்டேதான் போயிருக்கும்.”

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. பிளக்கைப் பிடுங்கினார். இரும்பை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

“ரெண்டாந்தரம் பிரிக்கும்போதே தெரியும்” என்றார்.

“அப்புறம் எதுக்குப் பிரிச்சீங்க?”

“கிட்டு மேல தப்புன்னு ஆயிடாதான்னுதான். நீ ஆமான்ன பாரு, அதப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கிட்டிருந்தேன்.”

எனக்கு என்னை நாலு அறை அறைய வேண்டும்போல இருந்தது. ஒரு நிமிடம், காதைக் கொடுத்து ஒரு பாட்டைக் கேட்டிருந்தால் போதும். ஊரில் இருக்கிறவன் குழாய்க்கெல்லாம் காது கொடுத்தேன். வீட்டில் ஒரே ஒருத்தர் கேட்டதற்குக் கொடுக்கவில்லை.

அவர் பாட்டைப் போட்டுவிட்டு ட்ரெபிள் திருகில் கை வைத்தார். “எங்க சரியோ அங்க நிறுத்தச் சொல்லு.”

மெல்லத் திருப்பினார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். சீறல் குறைந்தது, குரல் குரலானது, தாளம் தன் இடத்துக்கு வந்தது. நல்ல பெட்டிதான், அருமையாகக் கட்டியிருந்தார். “நிறுத்துங்க” என்றேன். பாதிக்கும் கீழே நின்றது திருகு.

“இதுல சின்னதா ஒரு தாளத் தட்டு வரணும். வருதா?”

“வருது. தெளிவா வருது.”

“எனக்கு ஒண்ணுமே வரல” என்றார். திருகை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனை எடுத்தார். கம்பெனி ஃபோர்மேனுக்குத்தான்.

“ஏத்துறவரை அனுப்பாதீங்க. அவர் ஒண்ணும் பண்ணல. நான்தான். எனக்கு மேல் சத்தம் கேக்கல. நாலஞ்சு மாசமா நான் அனுப்பினது எல்லாத்தையும் யாரையாவது விட்டு மறுபடி பாக்கச் சொல்லுங்க.” ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எதிர்ப்பக்கத்தில் பதில் வந்தது. இவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். பிறகு என்னிடம் நீட்டினார். “முணுமுணுங்கறாரு. என்னன்னு கேட்டுச் சொல்லு.”

ஃபோர்மேன் முணுமுணுக்கவில்லை. கணீரென்று பேசினார். சரி, அவர் இப்போதாவது சொன்னாரே, திங்கட்கிழமையிலிருந்து அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துக்கொள்கிறேன் என்றார். யோசிக்கக்கூட இல்லை. ஏற்கனவே ஆள் பார்த்து வைத்திருந்த குரல் அது. வைத்துவிட்டார்.

“என்ன சொன்னாரு?”

ரெஸ்ட் எடுக்கச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்து நின்றது.

“உங்க எடத்துல வேற ஆளை உக்கார வெச்சுக்கறாராம்” என்றேன், அவருக்குக் கேட்கும்படி, ஒவ்வொரு வார்த்தையாக.

“வேற ஏதாச்சும் சொன்னாரா?”

“வேற ஒண்ணும் சொல்லலங்க” என்றேன்.