டேப்புக்குச் சந்தனம்

“யார் இதுக்குச் சந்தனம் வெச்சது?”

வத்சலா டேப்பைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடும் பிளாஸ்டிக் டப்பா. கம்பெனி கப்பலேற்றும் ஒவ்வொரு பெட்டியின் விவரமும் தினமும் நகலாகி இறங்குவது அதற்குள்தான். மூடியைத் திறந்தால் காந்த நாடாவின் மேலேயே சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நடுவில் குங்குமம் வேறு.

“நான்தான்” என்றார் மானேஜர் சிவராமகிருஷ்ணன். மதராஸிலிருந்து வங்காளத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. “நேத்திக்கு விஸ்வகர்மா பூஜை இல்லையா? இவா பூவை மட்டும் தூவிட்டு விட்டுட்டா. நம்மூர் ஆயுத பூஜைன்னா ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வெப்போமே, அதான்…”

“மூடியைத் திறந்தா சார் வெப்பா?”

“உழைக்கிறது உள்ள இருக்கிறதுதானேன்னு…”

“எத்தனை டேப்புக்கு வெச்சேள்?”

“எல்லாத்துக்கும்தான். ஒண்ணை விட்டா அது கோச்சுக்காதோ?”

நேற்று முழுக்க வத்சலா கஸ்டம்ஸ் ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தாள். பூஜையைக் கண்ணால் பார்க்கவில்லை. இன்று காலை வந்து பெரிய கம்ப்யூட்டரான சர்வரைப் போட்டால், கரகரவென்று இழுத்துவிட்டு அடங்கிப்போயிற்று. டிஸ்க் செத்துவிட்டது. அதன் அடியில் தரையெல்லாம் ஈரம். பூஜை ஏற்பாடு செய்த மூத்த பியூன் நிதாய்தா கதவோரம் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிதாய்தா, நீங்க என்ன பண்ணினேள்?” என்று வங்காளியில் கேட்டாள்.

“கங்கா ஜலம் தெளிச்சேன் தீதி. ஒரே ஒரு சொம்புதான்.”

“தெளிக்கிறதுக்குச் சொம்பா?”

“பெரிய மெஷின் இல்லையா தீதி!”

சிரிக்கிற நேரமா அது? கிடர்பூர் டாக்கில் கம்பெனிக் கப்பல் ‘நீலகேசரி’ சரக்கேற்றி நிற்கிறது. சாயங்காலம் ஆற்றில் நீர் ஏறும்போதுதான் டாக்கின் மதகைத் திறப்பார்கள். அதற்குள் கப்பலில் உள்ள சரக்குப் பட்டியல், மேனிஃபெஸ்ட், கஸ்டம்ஸில் போய்ச் சேராவிட்டால் கப்பல் நகராது. கம்ப்யூட்டரால் ஒரே ஒரு கப்பல் நின்றாலும் செக்ஷனை மூடிவிட்டுப் பழையபடி டைப்ரைட்டருக்கே போய்விட வேண்டும் என்று பம்பாய் ஹெட் ஆபீஸ் சொல்லித்தான் அனுமதி கொடுத்திருந்தது. தொண்ணூற்றுமூன்றில் ஒரு மேஜையும் ஒரு மெஷினுமாக வத்சலா தொடங்கிய செக்ஷன். உறை போட்டு மூடிய டைப்ரைட்டர்கள் ஹாலின் கோடியில் இன்னமும் காத்துக்கொண்டுதான் இருந்தன.

“பேசாம அதுகளை எடுக்கச் சொல்லட்டுமா?” என்றார் மானேஜர் மெதுவாக.

“எதைப் பார்த்து அடிப்பா சார்? விவரமெல்லாம் செத்த மெஷினுக்குள்ள இருக்கு.”

“அப்போ அவ்வளவுதானா?”

“யார் சொன்னா? எங்காத்துல ஒண்ணு இருக்கு!”

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு டேப்பைக் கைப்பையில் போட்டு லேக் மார்க்கெட் வீட்டுக்கு எடுத்துப் போவது அவள் வழக்கம். அசலும் நகலும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்பாள். உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். பாங்க்கில் ரிடையரான கணவர் வைத்தீஸ்வரன் எடுத்தார்.

“ஏன்னா, பீரோவைத் திறங்கோ. என் கூரைப்புடவைக்கு அடியில ஒரு டேப் இருக்கும்.”

“கூரைப்புடவைக்கு அடியில கம்பெனி சாமானா? நான் என் ஸ்வெட்டருக்கு இடம் கேட்டப்போ பீரோவுல இடமே இல்லைன்னியே!”

“சண்டையை அப்புறம் போடலாம். அதை எடுத்துண்டு டாக்ஸி பிடிச்சு வாங்கோ. பின் சீட்டுல ஸ்பீக்கர்கிட்ட வெச்சுடாதேள், காந்தம் இருக்கும். மடியிலயே வெச்சுக்கோங்கோ.”

“மடியிலயா? குழந்தை மாதிரியா?”

“குழந்தைன்னே வெச்சுக்கோங்கோ!”

அவர் வருவதற்குள் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து ஒயர்களை மாட்டினாள். மாதம் ஒரு தரம் அதில் டேப்பைப் போட்டு, எல்லாம் திரும்பி வருகிறதா என்று ஒத்திகை பார்ப்பாள். “உசிரோட இருக்கிறதுக்கு மாசாமாசம் திவசம் பண்றா இந்த அம்மா” என்று மானேஜர் ஹாலே சிரிக்கும்படி சொன்னதுண்டு. இப்போது அவரே குனிந்து ஒயரைப் பிடித்துக் கொடுத்தார்.

வைத்தீஸ்வரன் டேப்பைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். “இந்தா உன் பிள்ளை. வழியெல்லாம் சமத்தா இருந்தான். நான் டாக் பாலத்தைத் தாண்டி கார்டன் ரீச்ல சிநேகிதன் துரைசாமி ஆத்துக்குப் போய்ட்டு நம்மாத்துக்குத் திரும்பறேன்” என்று கிளம்பிப் போனார்.

டேப் ஓடத் தொடங்கியதும் மானேஜர் நெற்றியைத் தடவினார். “மேடம், இது போன வெள்ளிக்கிழமையோடது இல்லையா? அதுக்கப்புறம் அடிச்சதெல்லாம்? நீலகேசரிக்குப் பாதிப் பெட்டி இந்த வாரம்தானே ஏறித்து!”

“டேப், போன வெள்ளிக்கிழமை எடுத்த போட்டோ சார். அதுக்கப்புறம் யார் எதை ஏத்தினா, எதை மாத்தினாங்கிறதெல்லாம் வரிசை தப்பாம இன்னொரு டிஸ்க்ல பதிவாகிண்டே வந்திருக்கு. அது தனிப் பெட்டி, மேல் தட்டுல இருக்கு.” நிதாய்தா பக்கம் திரும்பினாள். “அதுக்குத் தெளிச்சேளா?”

“கை எட்டலை தீதி.”

“நல்லவேளை, குள்ளமா பொறந்தேள்!”

டேப்பிலிருந்து எல்லாம் இறங்கி முடிந்ததும், அந்த டிஸ்க்கைப் பழைய மெஷினோடு இணைத்து, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நடந்ததையெல்லாம் திரும்ப நடத்தச் சொன்னாள். திரையில் வரிகள் ஓடின. சனிக்கிழமை போயிற்று. திங்கள், செவ்வாய் போயிற்று. சட்டென்று எல்லாம் நின்றது.

“நின்னுடுத்தே!” என்று மானேஜர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

வத்சலா எட்டிக் குனிந்தாள். டிஸ்க்கின் சின்ன விளக்கைப் பார்த்தாள். மினுக்கிக்கொண்டுதான் இருந்தது.

“நிக்கலை சார். புதன்கிழமை நாம எல்லாரும் ஒழுங்கா வேலை பார்த்திருக்கோம். அதான் நேரமாறது.”

மறுபடி வரிகள் ஓடின. புதனும் கடந்து, நேற்றுக் காலையும் வந்து, திரை அமைதியானது.

“பூஜைக்கு முன்னாடி கடைசியா அடிச்சது யாரு?” என்று கேட்டாள்.

“நான்தான். நல்ல நாளாச்சே, என் கையால ஒண்ணு அடிப்போம்னு… டார்ஜிலிங் டீ, ஹாம்பர்க் போறது.”

ஒரு தட்டுத் தட்டினாள். டார்ஜிலிங் டீ, ஹாம்பர்க், அதற்குக் கீழே பதிவு செய்தவர் பெயர்: சிவராமகிருஷ்ணன். மனிதர் தன் பெயரைத் தானே வாய்விட்டுப் படித்தார். அப்புறம், “வந்துடுத்து! ஒண்ணுகூட விடாம வந்துடுத்து!” என்று கத்தினார். ஹாலில் கிளம்பிய கைத்தட்டல் பிரிண்டரின் சத்தத்தையே அமுக்கிவிட்டது. பிரிண்டர் கிறீச்சிட்டுக் காகிதத்தைத் தள்ளத் தள்ள, கிழித்துக் கட்டிக்கொண்டு நிதாய்தா மாடிப்படியில் இறங்கி ஓடினார்.

அதற்குப் பிறகுதான் காத்திருப்பது கஷ்டமாக இருந்தது. கஸ்டம்ஸ் போன் என்கேஜ்டாகவே இருந்தது. நிதாய்தாவும் திரும்பவில்லை. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மானேஜர் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தார்.

போன் அடித்தது. வத்சலா பாய்ந்து எடுத்தாள்.

“நான்தான்.” வைத்தீஸ்வரன். “எஸ்.டி.டி. பூத்லேர்ந்து பேசறேன். நான் வர லேட்டாகும், இட்லி மாவைப் பார்த்துக்கோ. கப்பல் போறதுக்காக டாக் பாலத்தைத் திறந்துட்டான். இந்தப் பக்கம் பஸ், லாரி, கைவண்டி எல்லாம் அப்படியே நிக்கறது. எந்தக் கடன்காரன் கப்பலோ, ஆடி அசைஞ்சு ஊர்வலம் மாதிரி வந்துண்டிருக்கு!”

“ஏன்னா! கப்பல் மேல என்ன பேர் எழுதியிருக்கு, படியுங்கோ!”

“எனக்கெதுக்கு அது பேரு?”

“படியுங்கோன்னா!”

“இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன்… நீல… நீலகேசரி.”

வத்சலா ரிசீவரை ஹாலைப் பார்த்து நீட்டிப் பிடித்தாள்.

“இன்னொரு தரம் சொல்லுங்கோ. உரக்கச் சொல்லுங்கோ, எல்லாரும் கேக்கட்டும்!”