சொல்லாமல் விட்ட செய்தி

சாயல்குடிக்கு மேற்கே ஒரு ஊரில் ராமலெட்சுமியும் ஜெயசுதாவும் ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள். ராமலெட்சுமி மூத்தவன் வீரமணியின் மனைவி. ஜெயசுதா அவன் தம்பி பெண்டாட்டி. நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் ஒரு அடுப்பு, அந்தப் பக்கம் ஒரு அடுப்பு.

ஜெயசுதா டிராக்டர் ஓட்டினாள். சொந்த நிலத்துக்கு மட்டுமில்லை, யார் கூப்பிட்டாலும் போய் உழுது கொடுத்தாள். மழை விழுந்துவிட்டால் அவள் போன் ஓயாது. “சுதா, நாளைக்கு நம்ம வயலுக்கு வந்துரு தாயி” என்று வயசான ஆம்பளைகள் கெஞ்சுவது சுவரைத் தாண்டிக் கேட்கும். ராமலெட்சுமி பாத்திரத்தை ஓங்கி வைப்பாள்.

“வெயில்ல கெடந்து எப்படிக் கருத்துப்போனா பாத்தியா?” என்று குழாயடியில் சொல்லிப் பார்த்தாள். ஒருத்தரும் பிடித்துக்கொள்ளவில்லை. வீரமணியே ஒருநாள் எந்த விதை வாங்கலாம் என்று கட்டிய மனைவி இவளை விட்டுவிட்டுத் தம்பி பெண்டாட்டியிடம் போய்க் கேட்டான். அன்றைக்கு ராமலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

முன்பு, பெண்களுக்கு டிராக்டர் பழக்குகிறார்கள் என்று பரமக்குடிக்குக் கூப்பிட்டபோது இரண்டு பேரும்தான் சேர்ந்து போனார்கள். முதல் நாளே ராமலெட்சுமி ஏறிய வண்டி குலுங்கி நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். ஜெயசுதா வரப்பில் வண்டியை ஏற்றி அதைவிடச் சிரிப்பு வாங்கினாள், ஆனாலும் கடைசி நாள்வரை போனாள். கேட்டவர்களிடம் ராமலெட்சுமி, “எங்க வீட்டுக்காரரு விட்டாத்தானே” என்றாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அது உண்மையாகிவிட்டது.

அந்த ஆவணியில் நல்ல மழை ஒன்று பெய்தது. மறுநாள் சாயங்காலம் தங்கசாமி வந்தார். தூரத்துச் சொந்தம், இவர்களுக்கு மாமா முறை. போன் வைத்துக்கொள்ளாத மனிதர்.

“சுதா இல்லையாத்தா?”

“பக்கத்தூருக்கு உழப் போயிருக்கா, மாமா.”

“நாளைக்குக் காலையில நம்ம வயலுக்கு வரச் சொல்லு. இப்பத்தான் பதமா இருக்கு. ரெண்டு நாள் போனா காத்து ஈரத்த இழுத்துரும்.”

“சொல்லிர்றேன்.”

ஜெயசுதா இருட்டுகிற நேரத்தில் முகமெல்லாம் புழுதியாக வந்தாள். அவள் வாசலில் அதற்குள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களிடம் சிரித்துப் பேசியபடியே, “அக்கா, என்னையத் தேடி யாரும் வந்தாகளா?” என்று கேட்டாள். ராமலெட்சுமி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

“யாரும் வரல” என்றாள்.

தங்கசாமி விதைநெல்லோடு ஒருநாள் முழுக்க வயலில் காத்திருந்தார். வேலை அதிகம் போல என்று மறுநாளும் காத்திருந்தார். அதற்குள் மேல்காற்று சுழற்றி அடித்து மண் இறுகிவிட்டது. மூன்றாம் நாள் அவர் அவளைத் தேடிக்கொண்டு ரேஷன் கடைக்கே வந்தார். ஜெயசுதா வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

“வரச் சொல்லிவிட்டும் வராம இருக்கியே, பெரிய ஆளாயிட்டியோ? என் வயல் காஞ்சுபோச்சு.”

“எனக்கு யாரும் சொல்லலையே, மாமா.”

“பொய் சொல்லாத. உன் வீட்ல வந்துதான் சொன்னேன்.”

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. கொஞ்சம் தள்ளி வீரமணியோடு நின்றிருந்த ராமலெட்சுமிக்கு முதலில் இனித்தது. ஊரே கொண்டாடியவள் ஊர் முன்னால் ஏச்சு வாங்குகிறாள். இதைத்தானே இத்தனை காலம் ஆசைப்பட்டோம் என்று தோன்றியது. அப்போது ஜெயசுதா சற்றும் சந்தேகம் இல்லாத கண்ணோடு இவளைப் பார்த்தாள். “அக்கா, மாமா உங்ககிட்டயா சொன்னாரு?”

வீரமணிக்குப் புரிந்துவிட்டது. அவனே முந்திக்கொண்டான். “இவ மறந்திருப்பா, மாமா. வீட்ல ஆயிரம் வேலை.”

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. தலையாட்டினால் போதும். மறதிக்கு யாரும் யாரையும் பெரிதாகத் திட்டுவதில்லை. ஆனால் டிராக்டர் பழகாததற்கு அவனைச் சாக்குச் சொன்னது போல இப்போதும் அவன் சொன்ன சாக்கில் ஒளிந்துகொண்டால் இனி எல்லாமே இப்படித்தான் என்று அவளுக்குத் திக்கென்றது.

“மறக்கல” என்றாள். “வேணும்னுதான் சொல்லல, மாமா. இவ கேட்டா. யாரும் வரலன்னு பொய் சொன்னேன்.”

“ஏன்?” என்றார் தங்கசாமி.

“எல்லாரும் அவளையே தேடி வாரீக. எனக்குப் பொறுக்கல.”

ஜெயசுதா பையை எடுத்துக்கொண்டு, அரிசி வாங்காமலே போய்விட்டாள்.

வீட்டில் வீரமணி கேட்டான்: “நான் விடலன்னு ஊரெல்லாம் சொல்லிருக்கியே, நான் எப்ப விடலன்னேன்?”

“நீங்க ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் பயம். சிரிச்சுட்டாகன்னு நானாத்தான் நின்னுட்டேன்.”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

ராமலெட்சுமி தங்கசாமி வீட்டுக்குப் போனாள். அடுத்த மழைக்கு ஜெயசுதா முதலில் உழ வேண்டிய தங்கள் வயலின் முறையை அவருக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னாள். அவர் வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. “மழை வரட்டும், பாப்போம்” என்றார்.

மழை புரட்டாசி பிறந்துதான் வந்தது. ஜெயசுதா முதலில் தங்கசாமியின் வயலை உழுதாள். வீரமணியின் வயலுக்கு அவள் வருவதற்குள் ஈரம் பாதி போயிருந்தது. அந்த வருஷம் அவர்கள் நெல் திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது. வீரமணி முணுமுணுத்தான். ராமலெட்சுமி நெருக்கமாக முளைத்த இடத்து நாற்றைப் பிடுங்கி, முளைக்காத இடங்களில் குனிந்து குனிந்து நட்டாள்.

அதுவரை ஜெயசுதா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் காலை டிராக்டர் மேல் இருந்தபடியே, “அந்த டீசல் கேன எடுத்துக் குடுங்கக்கா” என்றாள். எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய உயரமான இருக்கையைப் பார்த்ததும் ராமலெட்சுமியின் நெஞ்சு பழையபடி எரிந்தது.

“பரமக்குடியில இன்னும் பழக்குறாகளா?” என்று கேட்டாள்.

“பழக்குறாக. நான் கூட வரமாட்டேன்.”

“நீ வர வேண்டாம். நானே போயிக்கிறேன்.”

ஜெயசுதா வண்டியைக் கிளப்பினாள். ராமலெட்சுமி கையிலிருந்த டீசலைச் சேலையில் துடைத்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க ரோட்டோரக் கடையை நோக்கி நடந்தாள்.