இருபத்தாறு மூக்குக்கு ஒரு பார்சல்

கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் அரைக்கும் மெஷினுக்கு முன்னால் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளை எல்லோரும் திருப்புளி என்றுதான் சொல்வார்கள். கையில் எப்போதும் ஒரு குட்டித் திருப்புளி இருக்கும் என்பது ஒரு காரணம். பேச்சும் நேராக உள்ளே போய்த் திருகும் என்பது இன்னொன்று. பட்டம் சூட்டியவர் கடை முதலாளி. முதலாளி வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணனுடைய ஒரே மகள் ரோடு போடும் இன்ஜினீயர். விமானத்தில் ஒன்பது மணி நேரம் போக வேண்டிய ஒரு தேசத்தில், மலைச்சரிவில் வேலை. வாரத்துக்கு ஒரு போன் வரும். அப்பாவுக்கு இரண்டு நிமிஷம், மீதியெல்லாம் அத்தைக்கு.

அப்படி ஒரு போனில்தான் பேச்சு ஆரம்பித்தது.

"அத்தை, எங்க கேம்ப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. பாதிப் பிள்ளைங்க போர்டுக்கு ரெண்டடி தள்ளித் தரையில உக்காந்துதான் எழுதுறாங்க. பெஞ்சு இல்லையான்னு கேட்டேன். பெஞ்சு இருக்கு, அங்கேருந்து எழுத்து தெரியலையாம்."

திருப்புளியின் கை நின்றது. "டெஸ்ட் பண்ணலையா?"

"ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு முழு நாள் ஆகும். அன்னன்னிக்கு வேலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும். யாரு கூட்டிட்டுப் போவா? ஒரு பொண்ணு, ஒம்பது வயசு. படிப்பு ஏறலைன்னு அவங்கம்மா லீவோட நிறுத்தி செங்கல் சூளைக்கு அனுப்பப் போறாங்க. எனக்கென்னவோ அவளுக்குப் படிப்பு ஏறாம இல்லை, போர்டு கண்ணுக்கு ஏறலைன்னுதான் தோணுது."

திருப்புளிக்குத் தன் கதை ஞாபகம் வந்தது. பள்ளியில் படிக்கும்போது அவள் பனைமரம் மாதிரி வளர்ந்துவிட்டாள். கொண்டுபோய்க் கடைசி பெஞ்சில் போட்டார்கள். கணக்கில் மூன்று தடவை கோட்டை விட்டு, "மக்கு" என்ற சான்றிதழோடு வீட்டுக்கு வந்தாள். பிறகு அண்ணன் கடையில் விளையாட்டாக ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தபோதுதான், எதிர்க்கடை போர்டில் போன் நம்பர் எழுதியிருப்பதே தெரிந்தது. அன்றைக்கு அவளுக்கு வயது இருபத்திரண்டு.

"பவரெல்லாம் எழுதி அனுப்பு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மருமகள் சும்மா இருக்கிற ரகம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து கண் பரிசோதிக்கும் நர்சைப் பெட்டியோடு கூட்டிவந்துவிட்டாள். இருபத்தாறு பிள்ளைகளுக்குக் கண்ணாடி தேவை என்று வந்தது. ஒன்று முதல் இருபத்தாறு வரை நம்பர், வலது கண் பவர், இடது கண் பவர், இரண்டு கருவிழிக்கும் நடுவே உள்ள தூரம். பட்டியலைப் போட்டோ பிடித்து அனுப்பினாள்.

"இருபத்தாறா!" என்று அண்ணன் தலையில் கையை வைத்தார். "ஏண்டி, அந்த ஊர்ல ரோடு போடச் சொன்னா என் பொண்ணு எனக்கு வேலை போட்டுக்கிட்டிருக்காளா?"

புலம்பினாரே தவிர, பரணில் ஏறியவரும் அவர்தான். மூடிப்போன ஒரு கடையிலிருந்து எப்போதோ மொத்தமாக வாங்கிப்போட்ட சின்னப் பிள்ளைகள் பிரேம் ஒரு மூட்டை கிடந்தது. எல்லாம் ஒரே அச்சு, ஒரே அளவு, கம்பி பிரேம். கறுப்பும் பழுப்பும் நீலமுமாக இருந்ததில் சிவப்பு மூன்றே மூன்று. லென்ஸுக்கு மொத்த வியாபாரியிடமும் அவரே பேசினார். "சீக்கிரம் அனுப்புங்க, இல்லேன்னா என் தங்கச்சி நேர்ல வருவா" என்று சொன்னதும் அந்த ஆள் மறுபேச்சு பேசாமல் அனுப்பிவைத்தார்.

பதினோரு நாள் மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. திருப்புளி ஒவ்வொரு கண்ணாடியாக முடித்து, தனித்தனி டப்பாவில் போட்டு, மூடிமேல் முத்து முத்தாக நம்பர் எழுதி ஒட்டினாள். லீவில் ஊருக்கு வந்திருந்த, மருமகளோடு வேலை பார்க்கும் ஒருவர் பார்சலை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம், கடை திறந்து தண்ணீர் தெளிக்கக்கூட இல்லை, வீடியோ போன் வந்தது.

"அத்தை, திட்டக்கூடாது."

"திட்டற மாதிரி என்னடி பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணலை. ஏர்போர்ட்ல எடை ஜாஸ்தின்னு சொல்லிட்டாங்களாம். நம்மாளு புத்திசாலித்தனமா டப்பாவெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, கண்ணாடிங்களை மட்டும் துண்டுல சுத்திக் கொண்டாந்துட்டாரு. வாத்தியார் எல்லாத்தையும் மேஜையில பரப்பி வச்சிட்டு, என்னைக் கூப்பிட வாசலுக்கு வந்தாரு. திரும்பிப் போறதுக்குள்ள..."

போனைத் திருப்பிக் காட்டினாள். வகுப்பு முழுக்கக் கண்ணாடி. அவரவருக்குப் பிடித்த கலரில் ஆளுக்கொன்று மூக்கில் ஏறியிருந்தது. ஒருவன் தரை தூக்கிக்கொண்டு வருவதுபோல் முழங்காலை உயர்த்தி உயர்த்தி நடந்தான். இன்னொருத்தி சுவரைப் பார்த்து வணக்கம் வைத்தாள். எல்லோருக்கும் ஒரே குஷி. ஒருவருக்கும் கண் தெரியவில்லை.

அண்ணன் எட்டிப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். "நம்பரைக் கண்ணாடியில ஒட்டாம டப்பாவுல ஒட்டின மகராசி யாரு?"

திருப்புளிக்கு முகம் செத்துப்போனது. பதினெட்டு வருஷ சர்வீஸ்! ஆனால் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க நேரமில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் கழட்டி வாங்கு. ஒவ்வொண்ணா ஜன்னல் கம்பிக்கு நேரா நீட்டிப் பிடி. பின்னாடி போனை வை. இப்ப கண்ணாடியை இடதும் வலதுமா மெல்ல ஆட்டு."

லென்ஸுக்குள் தெரிகிற கம்பி, கண்ணாடி போகிற பக்கமே கூடப் போனால் மைனஸ். எதிர்ப்பக்கம் ஓடினால் பிளஸ். எவ்வளவு வேகமோ அவ்வளவு பவர். மெஷின் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே கைப்பழக்கத்தில் சொல்லிவிடுவாள் அவள். "இது மைனஸ் மூணு, இடது கொஞ்சம் கம்மி. நாலாம் நம்பர். அடுத்தது! ம், ஒண்ணரை. பன்னெண்டு."

அவள் சொன்ன நம்பருக்குரிய பிள்ளை முன்னால் வந்து மாட்டிக்கொண்டது. போர்டில் மருமகள் முக்கொம்பு மாதிரி ஒரு குறியை மேலும் கீழும் பக்கவாட்டிலுமாகத் திருப்பித் திருப்பி வரைந்திருந்தாள். கொம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் விரலை நீட்ட வேண்டும். அதற்கு மொழி எதற்கு?

தன் கண்ணாடிக்கு மூக்குத்தாங்கி மாற்றக் கடைக்கு வந்த தபால்காரர் பையைக் கீழே வைத்துவிட்டுப் போனுக்குள் தலையை நுழைத்தார். ஒரு பையன் தவறிப்போய்க் கீழே காட்டியபோது, "மேல தம்பி! மேல!" என்று இங்கிருந்து கத்தினார்.

"நீங்க சும்மா இருங்க, பரீட்சை நடக்குது" என்று திருப்புளி அதட்டினாள்.

இருபத்தைந்து பேருக்குப் பொருத்தமாகிவிட்டது. பாக்கி பதினேழாம் நம்பர். செங்கல் சூளைக்குப் போகவிருந்த அதே பெண். அவளுடைய பவர் ஒரு கறுப்பு பிரேமில் இருந்தது. அவளோ ஒரு சிவப்பை இரண்டு கையாலும் மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுல தெரியுதான்னு கேளு."

மருமகள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஒண்ணுமே தெரியலையாம் அத்தை. ஆனா தனக்கு எடுப்பா இருக்காம்."

"எடுப்பாத்தான் இருக்கா" என்றார் தபால்காரர்.

அந்தச் சிவப்பு ஐந்தாம் நம்பர்ப் பையனுக்கு உரியது. அவனுக்குக் கலரைப் பற்றி அக்கறை இல்லை, கையை நீட்டிக்கொண்டு பொறுமையாக நின்றான். திருப்புளி ஒரு கணம் யோசித்தாள். "எல்லாம் ஒரே அச்சுதானே? லென்ஸை மாத்திட்டாப் போச்சு. உங்கிட்ட சின்னத் திருப்புளி இருக்கா?"

"ரோடு அளவெடுக்கிற கருவிப் பெட்டியில ஒண்ணு இருக்கு."

"எடு. பிரேம் ஓரத்துல ஸ்க்ரூ இருக்கும் பாரு. முழுசாக் கழட்டாதே, தளர்த்து..."

மருமகள் முழுசாகக் கழற்றிவிட்டாள். கடுகு அளவு ஸ்க்ரூ துள்ளிக் குதித்து எங்கேயோ போனது. அவ்வளவுதான், வகுப்பே மண்டியிட்டுத் தரையில் தவழ்ந்தது. இரண்டே நிமிஷம். ஜன்னலோரம் நின்ற ஒன்பதாம் நம்பர்ப் பையன் குனியாமலேயே நாலடி தூரத்திலிருந்து விரலை நீட்டினான். பெஞ்சுக் காலடியில் மின்னிக்கொண்டிருந்தது. தன் கண்ணில்தான் அது பட்டது என்று நம்ப முடியாமல் அவனே அதைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

லென்ஸ் மாறியது. சிவப்பு பிரேம் மறுபடி அவள் மூக்கில் ஏறியது. பதினேழாம் நம்பர் அசையாமல் நின்றாள். போர்டைப் பார்த்தாள். பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்னடி சொல்றா?"

"என் மூக்குல மச்சம் இருக்காம் அத்தை."

யாரும் சொல்லாமலே அவள் கடைசி பெஞ்சுக்கு நடந்துபோய் உட்கார்ந்து, அங்கிருந்து போர்டில் இருந்ததையெல்லாம் சத்தமாக வாசித்தாள். அது முடிந்ததும் சுவர்க் காலண்டரை வாசித்தாள். மூலையில் கிடந்த சிமென்ட் மூட்டையையும் விடவில்லை.

சேதி கேட்டு, சூளையிலிருந்து செம்மண் கையோடு அவள் அம்மா வந்தாள். உள்ளே வராமல் வாசல் கேட்டருகே நின்று, நம்பிக்கையில்லாமல் கையை உயர்த்தி விரல்களைக் காட்டினாள். மகள் பெஞ்சிலிருந்தே பதில் சொன்னாள். மருமகள் அதைத் தமிழாக்கினாள்.

"மூணு விரல். நடுவிரல்ல துணி சுத்தியிருக்கே, எப்பம்மா வெட்டிக்கிட்டே?"

அந்த அம்மா கையை மெல்ல இறக்கினாள். மகளைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள். மகள் வேலைக்கு வரமாட்டாள் என்று சூளையில் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, முந்தின வருஷத்துப் பழைய புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள். விட்டதைப் பிடிக்க வேண்டுமாம்.

இங்கே தபால்காரர் கைக்குட்டையைத் தேடினார். அண்ணன் எதையோ துடைக்கிற சாக்கில் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். திருப்புளி மட்டும் போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அந்த வாத்தியாருக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டு இருக்கும். ஏன்?"

"போன் வந்ததுலேருந்து பாக்கறேன், பட்டியலைப் படிக்க ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிறாரு. அந்த நர்சு மறுபடி வந்தா முதல்ல அவரை உக்கார வை."

வாத்தியார் வேண்டவே வேண்டாம் என்றாராம். தனக்குக் கண் கழுகு மாதிரி என்றாராம். பிள்ளைகள் விடவில்லை. ஆறு வாரம் கழித்து அவருக்கென்று ஒரு படிக்கிற கண்ணாடி தபாலில் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் சுற்றி நிற்க, அதை மாட்டிக்கொண்டு ஒரு வீட்டுப்பாட நோட்டைத் திறந்தார். ஒரு பக்கம் பார்த்தார். இன்னொரு பக்கம் புரட்டினார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ சொல்ல, வகுப்பு கூரை அதிரச் சிரித்தது.

"என்னடி? என்ன சொன்னாரு?"

மருமகளுக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை. "இத்தனை நாளா உங்க எல்லாரோட எழுத்தும் அழகுன்னு நெனச்சு மார்க் போட்டுட்டேனே, அப்படிங்கறாரு அத்தை!"