மூடி திறக்காத சிமிழ்

ஹபீப் அந்தச் சிமிழைப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொடைக்கானல் பஜாரில் பழைய பித்தளை வாங்கி விற்கிறவர். பச்சை பிடித்த சாமான் எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. காலையில் கிளாவரை கிராமத்துக் குருநாதன் கொடுத்துவிட்டுப் போனது இது. பேரிக்காய் அளவுதான், ஆனால் என்ன கனம்! இடுப்பில் திருகினால் சுழலும் ஒரு வளையம், வளையத்தைச் சுற்றிக் கோடுகள், அதற்குக் கீழே வேல் மாதிரி ஒரு கீறல். பூண்டுத் தோட்டத்தில் மண் வெட்டும்போது இரண்டு கிடைத்ததாம். ஒன்று இங்கே, இன்னொன்று வீட்டில்.

"போகர் மருந்து அடைச்சு வச்ச சிமிழுங்க பாய். வேலு போட்டிருக்கு பாருங்க. எம்புள்ளைக்கு வலிப்பு வருது, பாக்காத வைத்தியமில்ல. முருகனே மண்ணுக்குள்ளருந்து எடுத்துக் குடுத்திருக்கான்." சொல்லும்போதே குருநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தர் போகர் வாழ்ந்த பழனி மலையில் பிறந்தவனுக்கு மூடி வைத்த பித்தளை வேறு எப்படித் தெரியும்? ஹபீபுக்கும் நம்பிவிடத்தான் ஆசை. மூடிதான் அசைய மாட்டேன் என்றது.

"இறுகுன பித்தளைக்குச் சூடு காட்டணுங்க. கழுத்துப் பக்கமாத் தணல்ல வச்சா தன்னால விட்டுக்குடுக்கும்" என்று ஹபீப்தான் பெரிய மேதாவி மாதிரிச் சொன்னார். எத்தனை பன்னீர்ச் செம்பு, எத்தனை சுண்ணாம்பு டப்பி அப்படித் திறந்த கை! குருநாதன் அவருடைய போனையே வாங்கி, மனைவி விசாலாட்சிக்கு அப்படியே ஒப்பித்தான். தோட்டத்து வேலை முடிந்து வந்ததும் வைக்கிறேன் என்றாள். அவன் பஸ் ஏறிவிட்டான்.

இப்போது பச்சை விலகி, கோடுகளுக்கு நடுவே எழுத்துகள் தெரிந்தன. போகருக்கு ஏது இங்கிலீஷ்? சிரிக்கப் போன ஹபீபுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அல்மாஸ், இதைக் கொஞ்சம் பாரும்மா."

காலேஜ் லீவுக்கு வந்திருந்த மகள் போனில் படம் பிடித்துத் தேடினாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அத்தா, அதக் கீழ வைங்க. மெதுவா. பீரங்கிக் குண்டோட மூக்கு அது. வெள்ளக்காரப் பட்டாளத்துச் சாமான். வேலு இல்ல அது, அவங்க முத்திரை. எப்ப வெடிக்கணும்னு அந்த வளையத்துலதான் நேரம் வைப்பாங்களாம். உள்ள வெடிமருந்து இன்னும் இருக்கலாம்."

உலகச் சண்டைக் காலத்தில் கிளாவரை மேல்மலை வழியாகப் பட்டாளம் போன கதை ஹபீபும் கேட்டதுதான். அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? தணல்ல வை என்று சொன்னது இந்த வாய்தானே, யா அல்லா! காலையில் குருநாதன் பேசிய நம்பரையே தேடினார். புளி ஒட்டிய விரல் போனில் வழுக்கியது. மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் போட்டார். எடுத்தாள்.

"விசாலாட்சியம்மா, அந்தச் சிமிழு..."

"அடுப்புலதான் கெடக்குங்க பாய். பாப்பா நகர மாட்டேங்குது. எப்பத் தொறக்கும், எப்பத் தொறக்கும்னு பக்கத்துலயே உக்காந்திருக்கு."

"குண்டும்மா அது! தொடாதீங்க! புள்ளயத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடுங்க! வெரசா!"

"பாய்? விட்டு விட்டுக் கேக்குது..."

"புள்ளம்மா! புள்ளயத் தூக்குங்க!"

போன் எதன்மேலோ விழுந்த சத்தம். ஓடும் காலடி. வாசலுக்கா, அடுப்படிக்கா? எவ்வளவு காதில் விழுந்ததோ, தெரியவில்லை. இணைப்பு மட்டும் அறுபடவில்லை. அந்தப் பக்கம் விறகு படபடத்தது. ஒவ்வொரு படபடப்புக்கும் ஹபீபின் தோள் தூக்கிப் போட்டது. அல்மாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு பாப்பாவின் சின்னக் கொலுசுச் சத்தம் கேட்டது. போனைக் காதோடு அழுத்தினார். அது அடுப்புக்குக் கிட்டே வருகிறதா, தூரப் போகிறதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.